12 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல் என்றால் காற்றழுத்தத்தைப் போல சுமார் பத்தாயிரம் மடங்கு) அழுத்தத்தில் இரும்பு செலினைடின் எக்ஸ்ரே கோடுகள் அகலமானால் படிக அமைப்பு மாறிவிட்டதா?

இல்லை. கோடுகள் அகலமானதை மட்டும் வைத்துப் படிகம் மாறியதாக எழுதிவிடாதீர்கள்.

அழுத்தத்தை எல்லாப் பக்கமும் பரப்ப அழுத்தக் கலனுக்குள் நீங்கள் ஊற்றிய மெத்தனால்-எத்தனால் கலவைதான் காரணமாக இருக்கும். சுமார் 10 கிகாபாஸ்கலைத் தாண்டினால் அறை வெப்பத்திலேயே அது கெட்டியாகிவிடும். மார்கழி விடியலில் நம்ம தக்கலைப் பக்கம் புட்டியில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்குமே, அந்த மாதிரி. அப்புறம் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழாது.

அழுத்தத்தை அளக்கக் கலனுக்குள் போட்ட மாணிக்கத் துணுக்கைப் பாருங்கள். அது ஒளிரும்போது நிறமாலையில் வரும் சிவப்பு இரட்டைக் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தால் இதுதான் கோளாறு.

நாகர்கோவிலில் உங்கள் ஆய்வகத்தில் இந்தக் கலவைக்குப் பதிலாக ஹீலியம் நிரப்ப வழியில்லை என்றீர்கள். சரி, 9 கிகாபாஸ்கலுக்குள்ளேயே அளவெடுங்கள். இந்தப் பொருளின் மீக்கடத்து வெப்பநிலை (அதற்குக் கீழே மின்தடை அற்றுப்போகும்) 8 கெல்வினிலிருந்து 37 வரை ஏறுவதே அதற்குள்தான்.

ஆனால் புதுக் கோடுகள் முளைத்திருந்தால் கதை வேறு. கலவை கெட்டியாகும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இந்தப் பொருளின் படிகம் அறுகோண அமைப்புக்கும் மாறக்கூடியது.