வெள்ளி விலை ஆடும்போது பழைய ரூபாய் வாங்கலாமா?

"வெள்ளி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக இருக்கிறது. இந்த நேரத்தில் பழைய வெள்ளி நாணயம் சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். அதற்கு முன் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள். யாரும் ஏமாற்றவில்லை, நானேதான் ஏமாந்தேன்.

காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடை. வெள்ளைக்காரன் காலத்து ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபாய் வெள்ளிக் காசு பத்தைத் தராசில் மொத்தமாகப் போட்டார் கடைக்கார அண்ணன். 116 கிராம் சொச்சம். "இன்னைக்கு வெள்ளி ரேட்டுதான் தம்பி, மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார். சந்தோஷமாக வாங்கி வந்து, முகப்பில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து வருஷத்தைப் படித்தால், நான்கு காசு 1940களில் அடித்தவை. பழைய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1940 முதல் அரசாங்கம் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்துவிட்டது. எடை மாறவில்லை, உள்ளே வெள்ளி மட்டும் 5.83 கிராம். நான் செம்புக்கும் நிக்கலுக்கும் சேர்த்து வெள்ளி விலை கொடுத்திருந்தேன். நல்ல ஆறு காசிலும் மொத்த எடைக்குப் பணம் கட்டியது தனிக் கூத்து.

அதிலிருந்து எந்தக் காசானாலும் விலையை இரண்டாகப் பிரித்துவிடுவேன்: உள்ளே இருக்கும் வெள்ளிக்கு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு. கணக்குக்காக கிராம் 100 ரூபாய் என்று வையுங்கள். நல்ல ரூபாயில் 1,069 ரூபாய்க்கு வெள்ளி. கடைக்காரர் 1,500 சொன்னால் 431 மேலே. கிராம் 200 ஆகும்போது 2,500 சொன்னால் மேலே 362தான். காசு விலை ஏறிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் சேகரிப்புக்கென்று நீங்கள் கொடுப்பது குறைந்திருக்கிறது. ஆனால் வெள்ளி இறங்கினால் அந்த 2,138 கரையும். 2011 ஏப்ரலில் சர்வதேசச் சந்தையில் அவுன்ஸ் 49 டாலரைத் தொட்ட வெள்ளி, மே முதல் வாரத்துக்குள் 35 டாலர் பக்கம் வந்ததை மறக்க வேண்டாம்.

1911 ரூபாய் இதற்கு நேரெதிர். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று சர்ச்சையாகி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். வெள்ளி அதே 10.69 கிராம்தான், விலை மட்டும் வேறு உலகம். இந்த மாதிரிக் காசுக்கு வெள்ளி ரேட் ஆடுவது பெரிய விஷயமில்லை, காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அந்த 1911 காசு ஒன்று இருந்தது. அப்பத்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் புளி போட்டு விளக்கி, விபூதி வைத்துத் தேய்த்து, ராஜாவின் தாடியையே மழித்துவிட்டார். "சாமிக்கு முன்னால வைக்கிறது கருப்பாவாப்பா இருக்கும்?" என்பார். கறுத்த காசைத் தொடாமல் விடுங்கள். காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த காசையும் வெள்ளி விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

இங்கே நான் கவனித்தது ஒன்று: ரேட் ஏறும் வாரத்தில்தான் வளவு வீடுகளிலிருந்து (செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்) பழைய காசுப் பைகள் கடைக்கு வரும். மலாயாவிலிருந்து வந்த வெள்ளி டாலர்கூட அப்போதுதான் கண்ணில் படும். (1903 டாலர் 26.95 கிராம், 1907இல் 20.21 ஆகச் சிறுத்துவிட்டது. வருஷம் பாருங்கள்.) பொறுக்கி எடுக்க அதுதான் நேரம், பத்து வாங்காதீர்கள், நல்லதாக ஒன்று வாங்குங்கள். சிங்கப்பூர் மச்சானுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். நூறு வருஷம் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

நகைக்கடையில் விற்கும் லட்சுமி காசு பூஜைக்குச் சரி, சேகரிப்புக்கு இல்லை.

அதே அண்ணன் இப்போதும் போன் செய்வார். "ரேட் இறங்கிருச்சு தம்பி, வாறீகளா?" நான் கேட்பது ஒன்றுதான்: "எந்த வருஷம், மேல எவ்வளவு அண்ணே?"