கண்ணில் விட்டுப் பார்க்க வேண்டாம், தங்கச்சி

களுவாஞ்சிகுடியில் வீட்டில் செய்து விற்கும் பாத்திரம் கழுவும் திரவத்துக்கு 'கண்ணுக்குப் பாதுகாப்பானது' என்று லேபல் ஒட்டலாமா, அதற்கு முதல் வளர்ப்பு முயலின் கண்ணிலோ உங்கள் கண்ணிலோ ஒரு துளி விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

முயல் கண்ணில் சோதிப்பது 1944இல் டிரெய்ஸ் என்பவர் எழுதிய முறை. பாவம், வாயில்லா ஜீவன். இப்போது இறைச்சிக்கு அறுத்த மாட்டின் விழிவெண்படலத்தை (கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலம்) ஆய்வுகூடத்தில் எடுத்து, திரவத்தை 10 நிமிடம் படவிட்டுக் கழுவி, எவ்வளவு மங்கியது, சாயம் எவ்வளவு ஊடுருவியது என்று அளக்கிறார்கள். மனிதக் கலங்களில் வளர்த்த படலத்திலும் சோதிக்கிறார்கள்.

வீட்டில் அமில, கார அளவு காட்டும் பி.எச் தாளைத் திரவத்தில் நனைத்துப் பாருங்கள். கண்ணீர் 7.4 அளவில் இருக்கும். உங்கள் திரவம் 11.5ஐத் தொட்டால் அதை விற்கவே கூடாது. ஆனால் 7 காட்டினாலும் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. நுரைக்கும் பொருளே கண்ணை எரிக்கும். தாள் அதைக் காட்டாது.

ஆரையம்பதியில் அம்மா சவர்க்காரம் காய்ச்சும்போது கோஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தது. கிணற்றடியில் இமையை விரித்துப் பிடித்து வாளி வாளியாக ஊற்றினோம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பார்வை தப்பியது.

அதனால் லேபலில் இப்படிப் போடுங்கள்: 'கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி, வைத்தியரிடம் காட்டவும். பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.' குடிக்கும் சோடா வந்த போத்தலில் அடைத்து விற்காதீர்கள்; பானம் என்று யாராவது குடித்துவிடலாம்.