40 பேரிடம் கேட்ட கணக்கில் இசட் சோதனை செல்லுமா?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடை வாசலில் 40 பேரைக் கேட்டிருக்கிறீர்கள். 13 பேர் தேநீரைக் 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லி வாங்குகிறார்களாம். உண்மை விகிதம் 20 சதவீதத்தைவிட அதிகமா என்பது கேள்வி. அதற்கு இசட் சோதனையை, அதாவது மணி வடிவ இயல்நிலைப் பரவலைக் கொண்டு விகிதத்தைச் சோதிக்கும் முறையை, எடுத்திருக்கிறீர்கள்.

முதலில் மாதிரியின் அளவு. 13, 27 இரண்டுமே 10-ஐத் தாண்டுவதால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இடறும் இடம் இது. சோதனை, இன்மைக் கருதுகோள் (இங்கே, விகிதம் 20 சதவீதம்தான் என்பது) உண்மை என்று வைத்துக்கொண்டே நடக்கிறது. ஆகவே கருதுகோளின் விகிதத்தைத்தான் பெருக்க வேண்டும். 40 × 0.2 = 8. பாடநூல்கள் பொதுவாகக் கேட்கும் 10-க்குக் குறைவு. விளைவைப் பாருங்கள்: இசட் சுமார் 1.98, ஒருபக்க நிகழ்தகவு (விகிதம் 20 சதவீதமாகவே இருந்தும் 13 பேரோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு) 0.024. ஆம்/இல்லை பதில்களின் எண்ணிக்கைக்கான ஈருறுப்புப் பரவலில் நேராகக் கணக்கிட்டால் 0.043. ஏறக்குறைய இரு மடங்கு! இங்கே ஈருறுப்புச் சோதனையே சரி.

மக்கள்தொகை மாதிரியைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் பினாங்கில் சிக்கலில்லை.

எனக்கு உறுத்துவது சமவாய்ப்புத் தேர்வுதான். ஒரே கடை, ஒரே மதிய வேளை. போதாக்குறைக்கு ஒரே மேசையில் அமர்ந்த குடும்பத்தினர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்றால் வீடே இனிப்பைக் குறைத்திருக்கும்; அந்த வீட்டாரின் பதில்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. சோதனையை மாற்றுவதால் மட்டும் இந்தக் குறை தீராது. மேசைக்கு ஒருவர், வெவ்வேறு கடைகள், வெவ்வேறு வேளைகள் என்று மறுபடி எடுங்கள்.