கொச்சைச் சொல்லுக்குப் பாட்டா பொறுப்பு?

கேள்வி: சினிமாப் பாட்டுகளில் பிறக்கும் கொச்சைச் சொற்கள்தான் பிள்ளைகளின் பேச்சைக் கெடுக்கின்றன. என் பேரன் எதற்கெடுத்தாலும் ‘கொலவெறி’ என்கிறான். இத்தகைய பாடல்களைத் தடை செய்தால் என்ன?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தச் சொல் பாட்டில் பிறக்கவில்லை, ஐயா. ‘கொலைவெறித் தாக்குதல்’ என்று குற்றச் செய்திகளில் நெடுங்காலமாக எழுதி வந்தவர்கள் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள்தாம். 2011 நவம்பரில் தனுஷ் எழுதிப் பாடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாட்டு இணையத்தில் வெளியானது. அது இடம்பெற்ற ‘3’ படம் திரைக்கு வர இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. அதற்குள் தமிழே தெரியாதவர்களும் அந்தச் சொல்லைப் பாடினார்கள். அரிவாளும் ரத்தமுமாக இருந்த சொல், காதலி கைவிட்டவனின் புலம்பலாக மாறியது. ‘என்னிடம் ஏன் இவ்வளவு கடுமை?’ என்பதைச் சண்டை மூளாமல், சிரித்துக்கொண்டே கேட்க ஒரு சொல் தேவைப்பட்டது. இது வசமாக வாய்த்தது. உங்கள் பேரன் எந்த நேரத்தில் அதைச் சொல்கிறான் என்று கவனித்துப் பாருங்கள், புரியும்.

பாட்டில் வந்தாலே சொல் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. அதே பாட்டில் காதலில் தோற்ற பையன்களைக் குறித்த ‘சூப் பாய்ஸ்’ சில காலம் கல்லூரிகளில் உலவி ஓய்ந்துவிட்டது. 1994-இல் ‘முக்காலா முக்காபுலா’வுக்கு ஆடாத ஊரில்லை, ஆனால் அதைப் பேச்சில் எடுத்துச் சொல்ல ஒரு பொருள் வேண்டுமே!

இன்னும் பின்னால் போகலாம். 1968-இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா ‘வா வாத்தியாரே வூட்டாண்ட’ என்று பாடினார். சென்னைக்கு வந்தே இராதவர்களும் ‘ஜாம்பஜார் ஜக்கு’ என்று பாடித் திரிந்தார்கள். அந்த ‘வூட்டாண்ட’வைப் பிரித்துப் பாருங்கள். வீட்டு அண்டை! ‘அண்டை அயல்’ என்கிறோமே, அதே அண்டைதான். ஏழை வாயில் வந்ததால் அந்த நல்ல தமிழ்ச் சொல் கொச்சையாகிவிட்டது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வட சென்னையில் சாவு வீடுகளில் இரவெல்லாம் கானா பாடியவர்கள் உழைத்துப் பிழைத்த மக்கள். அவர்கள் பேச்சில் தமிழோடு உருதுவும் கலந்திருந்தது. ‘பேஜார்’, ‘பேமானி’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. 1990-களில் தேவாவின் இசையில் கானா திரைக்கு வந்து தமிழகம் முழுவதும் ஒலித்தது. அதே மொழியை அவர்கள் தெருவில் பேசினால் முகம் சுளிக்கிறோம், கதாநாயகன் பாடினால் கை தட்டுகிறோம். சொல்லைத் தந்தவர்களுக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை.

பெண்களை இழிவுபடுத்தும் பாடல் வரிகளைக் கண்டித்து எழுதுங்கள், வரி விடாமல் வெளியிடுகிறேன். அங்கே குற்றம் எழுதியவரின் எண்ணத்தில் இருக்கிறது. அதைத் தூய தமிழில் எழுதினாலும் குற்றம் குற்றமே. சொற்களுக்குத் தடை கேட்டால் நான் உடன்பட மாட்டேன்.