ஜெர்மன் மொழியில் பாலியல் இலக்கியத்தை எப்படித் தணிக்கை செய்தார்கள்? இன்றும் தடை இருக்கிறதா?

கேள்வியோடு "ஜெர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் தாராளமானவர்களாயிற்றே, அங்கேயுமா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்தத் தாராளம் எல்லாம் 1970-களுக்கு அப்புறம் வந்தது. அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகள் வேறு மாதிரி. அந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: அங்கே அதிகாரிகள் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததைவிட, அது யார் கைக்குப் போகும் என்றுதான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

வியன்னாவில் பேரரசி மரியா தெரேசா காலத்தில் தடை செய்த நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டு அச்சிட்டார்கள். எந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடிக்கலாம் என்று தெரிந்துகொள்ள வாசகர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்குமா? விஷயம் புரிந்ததும் 1777-இல் அந்தப் பட்டியலையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிற்கால ஆஸ்திரியத் தணிக்கையில் முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் நடுவே சில படிகள் இருந்தன. அதில் ஒன்று, கல்விமான்கள், உயர்ந்த இடத்து ஆட்கள் போன்றவர்கள் மட்டும் தனி அனுமதிச் சீட்டு வாங்கிப் படிக்கலாம் என்பது. அதாவது பேராசிரியர் படித்தால் கெட்டுப்போக மாட்டார், கடைக்காரர் படித்தால் கெட்டுவிடுவார்!

பெரிய எழுத்தாளர்களும் தப்பவில்லை, ஆனால் அவர்கள் தாமே முந்திக்கொண்டு வெட்டிக்கொண்டார்கள். கதே இத்தாலியிலிருந்து திரும்பியபின் எழுதிய 'ரோமானிய இரங்கற்பாக்கள்' என்ற காதல் கவிதைகள் 1795-இல் கவிஞர் ஷில்லரின் பத்திரிகையில் வந்தபோது இருபது மட்டுமே அச்சேறின. ரொம்பவும் வெளிப்படையாக இருந்த நான்கை எடுத்துவிட்டார்கள். வந்த இருபதுக்கே கதே வாழ்ந்த வைமார் நகரில் முகம் சுளித்தவர்கள் உண்டு.

1900-இல் ஜெர்மனியில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. ஹைன்ட்ஸே என்ற பெர்லின் விபசாரத் தரகன் மாட்டிய கொலை வழக்கை ஒட்டி எழுந்த சட்டம் என்பதால் அவன் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. கலைக்கும் நாடகத்துக்கும் அதில் வைத்திருந்த பிரிவுகளை எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எதிர்த்து நீக்க வைத்தார்கள். நீக்காமல் நின்றவற்றில் ஒன்று விசித்திரமானது. ஒரு நூல் ஆபாசமாக இல்லாவிட்டாலும், கூச்ச உணர்வை மோசமாகப் புண்படுத்துமானால், பதினாறு வயதுக்குட்பட்டவருக்கு அதை விற்பது குற்றம். வயதை வைத்துப் பிரிக்கும் வழக்கம் இங்கே வேர்விட்டது.

இதற்குப் பதிப்பாளர்கள் கண்ட வழி தனிச்சுற்றுப் பதிப்பு. ஒவ்வொரு பிரதிக்கும் எண், நல்ல தாள், எக்கச்சக்க விலை, முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும். புத்தகக் கடைக்கு வராததால் 'பொதுமக்களுக்கு விற்றான்' என்று வழக்குப் போடுவது கடினம். பணக்காரனின் அலமாரியில் அது கலைப்பொருள், அதையே மலிவாக அச்சிட்டால் குற்றப் பொருள்.

வியன்னா மருத்துவரும் எழுத்தாளருமான ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் 'ரைகன்' (வட்ட நடனம்) நாடகத்தை 1896-97 குளிர்காலத்தில் எழுதினார். 1900-இல் தன் செலவில் 200 பிரதி மட்டும் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். அவருடைய வழக்கமான பதிப்பாளர் இதைத் தொடவில்லை. 1903-இல் வியன்னாவில் வேறொருவர் கடைக்குக் கொண்டுவந்தார், அடுத்த ஆண்டே ஜெர்மனியில் தடை.

நாடகத்தில் பத்துப் பேர், பத்து உரையாடல்கள். விலைமகளும் படைவீரனும், படைவீரனும் வீட்டு வேலைக்காரியும், வேலைக்காரியும் வீட்டு இளைஞனும் என்று ஒவ்வொருவராகக் கைமாறி, கடைசியில் ஒரு பிரபு அதே விலைமகளிடம் வந்து நிற்கிறான். உடலுறவு வரும் இடத்தில் ஷ்னிட்ஸ்லர் ஒரு சொல்லும் எழுதவில்லை, ஒரு வரி நிறையச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். கோட்டுக்கு முன்னால் கொஞ்சலும் கெஞ்சலும், கோட்டுக்குப் பின்னால் 'நேரமாச்சு, கிளம்பணும்'. ஆளைச் சுட்டது அந்தப் பின்பாதிதான் என்பது என் எண்ணம். கணவன் மனைவிக்கு ஒழுக்கம் போதித்துவிட்டு அடுத்த காட்சியில் ஓர் இளம்பெண்ணைத் தனியறை உணவகத்துக்கு அழைத்துப் போகிறானே, அதைப் பார்த்து யாருக்குக் கோபம் வராது!

மேடைக்கு வந்தது 1920 டிசம்பர் 23, பெர்லினில். 1921 பிப்ரவரியில் வியன்னா அரங்குக்குள் ஒரு கும்பல் புகுந்து நாற்றக் குண்டு வீசியது. தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு அடக்க வேண்டியதாயிற்று. ஷ்னிட்ஸ்லர் யூதர் என்பதுதான் கூச்சலில் பாதி. பெர்லினில் இயக்குநர், நிர்வாகிகள், நடிகர்கள் என்று எல்லோரையும் கூண்டில் ஏற்றினார்கள். நீதிமன்றமே போய் நாடகத்தைப் பார்த்தது. அந்தக் கோடுகள் வரும் இடத்தில், திரை இறங்கியிருக்கும் நேரத்தில் வாசித்த இசையின் தாளம் ஆபாசமா என்றுகூட விவாதித்தார்கள். 1921 நவம்பரில் எல்லோருக்கும் விடுதலை. ஆனால் ஷ்னிட்ஸ்லர் மனம் விட்டுப்போய், இனி யாரும் இதை மேடையேற்ற வேண்டாம் என்று தானே தடுத்துவிட்டார். அவர் 1931-இல் இறந்தபின் மகனும் அந்தத் தடையைக் காத்தார். 1982-இல்தான் மீண்டும் மேடை திறந்தது. அரசு போட்ட தடையைவிட ஆசிரியர் போட்ட தடை நீண்டது!

இப்போது அதை ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மலிவுப் பதிப்பில் வாங்கலாம். மஞ்சள் அட்டை வேறு. நம் ஊரில் மஞ்சள் புத்தகம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் உலகப் போருக்குப் பின் வந்த ஜெர்மன் குடியரசின் 1919 அரசியலமைப்பு (வைமார் அரசியலமைப்பு) 'தணிக்கை கிடையாது' என்று சொல்லிவிட்டு, மட்டமான ஆபாச எழுத்துக்கு ஒரு விதிவிலக்கும் வைத்தது. அதன்படி 1926-இல் இளைஞர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1933-இல் நாஜிகள் வந்ததும் இந்த நுணுக்கமெல்லாம் போயிற்று. அந்த மே மாதம் பெர்லினில் மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தைச் சூறையாடி, அங்கிருந்த நூல்களை நெருப்பில் போட்டார்கள். ஷ்னிட்ஸ்லரின் நூல்களும் எரிந்தன.

அப்புறம் 1906-இல் வியன்னாவில் பெயரில்லாமல், ஆயிரம் பிரதி தனிச்சுற்றாக வந்த 'யோசெஃபினே முட்சன்பாகர்'. ஒரு விலைமகளின் தன்வரலாறு என்ற பாவனையில் எழுதிய நாவல். எழுதியவர் ஃபெலிக்ஸ் சால்டன் என்று பலரும் நம்புகிறார்கள். ஆம், மான்குட்டி 'பாம்பி'யைப் படைத்த அதே சால்டன். அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. பிற்காலத்தில் வாரிசுகள் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டும் தோற்றார்கள்.

மேற்கு ஜெர்மனியில் 1954 முதல் இளைஞருக்குக் கேடான நூல்களைப் பட்டியலிடும் அரசுக் குழு ஒன்று இயங்கியது. பட்டியலில் ஏறிய நூலை விளம்பரம் செய்யக்கூடாது, காட்சிக்கு வைக்கக்கூடாது, பெரியவர் கேட்டால் மட்டும் மேசைக்கடியிலிருந்து எடுத்துத் தரலாம். இந்த நாவலும் ஏறியது. எதிர்த்து, அதை வெளியிட்ட ரோவோல்ட் பதிப்பகம் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1990 நவம்பர் 27-இல் வந்த தீர்ப்பு இன்றும் ஜெர்மன் சட்ட மாணவர்கள் படிப்பது: ஒரு நாவல் ஆபாசமாகவும் கலையாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும், ஆபாசம் என்று சொல்லிவிட்டால் கலைச் சுதந்திரம் தானாகப் போய்விடாது, இரண்டையும் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும். குழு 1992-இல் எடைபோட்டது, மறுபடியும் பட்டியலில் ஏற்றியது. காரணம் வெறும் கூச்சம் இல்லை. கதைசொல்லி தன் சிறுமிப் பருவத்தை விவரிக்கும் விதம் உண்மையிலேயே சங்கடமானது. இதில் குழுவின் பக்கமும் எனக்குப் புரிகிறது. பட்டியல் பதிவு 25 ஆண்டில் காலாவதியாகும். 2017-இல் இந்த நூல் வெளியே வந்தது.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். 'அநாகரிக எழுத்து' என்ற பழைய குற்றத்தை 1973-இன் சீர்திருத்தம் தூக்கிவிட்டது. பெரியவர்கள் படிப்பதற்கு இன்று பெரும்பாலும் தடை இல்லை. குழந்தைகள், வன்முறை, விலங்குகள் சம்பந்தப்பட்டவை இன்றும் குற்றம். பதினெட்டு வயதுக்குக் கீழே கொடுப்பதும் அப்படியே. இணையத்திலும் இதே கணக்குதான். வயதைச் சரிபார்க்க வசதியில்லாத தளங்கள், சிறுவருக்கு ஆகாத பாலியல் மின்னூல்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே விற்க வேண்டும் என்று 2015-இல் புத்தக வணிகர் சங்கம் அறிவிக்க, ஜெர்மன் பத்திரிகைகள் அதை வைத்துச் சிரித்துத் தீர்த்தன.