429 கோடியைத் தாண்டிய ஓர் எண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 429,49,67,297 என்ற எண்ணைக் கணித நூல்கள் இவ்வளவு பெரிதாகப் பேசுவது ஏன்?

பதில்: 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் இந்த எண் வரும். 2-க்கு அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 எனப் பகா எண்களே கிடைக்கின்றன. இவ்வரிசை முழுவதும் பகா எண்கள்தாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா 1640-இல் நம்பினார். அடுத்து நிற்கும் நம் எண்ணை 641 மீதியின்றி வகுப்பதை 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். ஈவு 6700417.

கேள்வி: 641 என்பது 116-ஆவது பகா எண். அத்தனையையும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாரா?

பதில்: தேவையில்லை. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பதை ஆய்லரே நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்வதால், ஐந்தாவது முயற்சியிலேயே விடை வந்துவிடுகிறது.

வகுக்காமலே சரிபார்க்கும் வழியும் உண்டு; எனக்குப் பிடித்தது அதுதான். 641 என்பது 5 × 128 + 1. ஆகவே 5 × 2⁷ என்பதை 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்றும், அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-க்கு மீதி 1 என்றும் கொள்ளலாம். அதே 641, 5⁴ + 2⁴ என்றும் அமைவதால், 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். அப்போது −2³²-க்கு மீதி 1 ஆகிறது. அதாவது 2³² + 1-க்கு மீதி பூச்சியம்.

கேள்வி: பெர்மா தம்முடைய சிறிய தேற்றத்தைக் கொண்டே இதைச் சோதித்திருக்கலாமே?

பதில்: அத்தேற்றப்படி, p பகா எண்ணானால், அதனால் வகுபடாத எந்த எண்ணின் (p − 1)-ஆம் அடுக்கையும் p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அடிமானமாக 2-ஐ எடுத்திருந்தால் ஏமாந்திருப்பார், பகு எண்ணாக இருந்தும் இது அச்சோதனையில் தேறிவிடுகிறது. 3-ஐ எடுத்திருந்தால், 3-இன் 2³²-ஆம் அடுக்குக்கு மீதி 1 வராமல் 302,90,26,160 வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தி மீதி காணும் வேலை 32 தடவைதான். கையால் செய்வது சலிப்பு, ஆனால் இயலாததன்று.

கேள்வி: என் நிரலில் இவ்வெண்ணைச் சேமித்தால் 1 என்று காட்டுகிறது. பிழையா?

பதில்: 32 பிட் கொண்ட, குறியில்லாத முழு எண் வகையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் அடங்கும் பேரெண் 429,49,67,295. அதற்கு மேல் பூச்சியத்திலிருந்து எண்ணிக்கை தொடங்கும். 64 பிட் வகைக்கு மாறுங்கள்.

கேள்வி: இதை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

பதில்: இரண்டு விதமாக எழுதலாம். 65536² + 1² என்பது பார்த்தவுடன் தெரிவது. 62264² + 20449² என்பது மறைந்திருப்பது. ஒற்றைப்படைப் பகா எண்ணை இவ்வாறு அதிகபட்சம் ஒரு விதமாகவே எழுத முடியும் என்பதால், இரண்டாவது வடிவமே இது பகு எண் என்பதற்குச் சான்று. காரணியையும் அதிலிருந்தே எடுக்கலாம். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450 ஆகியவற்றுக்கு அது 50. பாதிகளான 4, 25 ஆகியவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 16 + 625 = 641.

கேள்வி: 6700417-ஐ மேலும் பிரிக்க இயலுமா?

பதில்: இயலாது, அது பகா எண்.