“எப்ப ஐயா முழுநேர ஊழியத்துக்கு இறங்கலாம்?” – கேள்வி பதில்

ஊழியத்துக்கு வர விரும்பும் இளையோரிடமும் பெற்றோரிடமும் கேள்விகளை எழுதித் தரச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி ஒரே கேள்விதான், எழுத்து மட்டும் வேறு. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற மெதடிஸ்தப் போதகர். அந்தப் பக்கச் சாய்வு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானம் எடுத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கன்வென்ஷனில் வெளியூர் ஊழியர் ஒருவர் தலையில் கைவைத்து, கர்த்தர் என்னைப் பெரிய ஊழியத்துக்கு அழைக்கிறார் என்றார். படிக்கிற கோர்ஸை நிறுத்திவிட்டு இறங்கலாமா? (சுன்னாகம், 22 வயது)

தம்பி, கோர்ஸை நிறுத்தவேண்டாம்.

அந்த வார்த்தை கர்த்தரிடமிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீதைக் கூப்பிட்டுத்தான் சாமுவேல் அபிஷேகம் பண்ணினார். அவன் ராஜாவானபோது வயது 30. நடுவில் சவுல் ராஜா எறிந்த ஈட்டியும், ஒளிந்திருந்த அதுல்லாம் குகையும் இருந்தன. அபிஷேகம் பொய்யென்று அதற்கு அர்த்தமில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, கண்காணியாகிறவன், அதாவது சபையை மேய்க்கும் பொறுப்பை எடுக்கிறவன், ‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’ என்கிறார். அறிவு போதாது என்று அவர் காரணம் சொல்லவில்லை; இறுமாப்படைந்து விழுந்துவிடுவான் என்கிறார். புதிதாக வந்தவனுக்குக் கைதட்டு கெதியாகக் கிடைக்கும், அதைத் தாங்கும் பலம் மெல்லத்தான் வரும். மைக் பிடிக்கத் தெரிந்த பெடியனை மேடையேற்ற எங்கள் சபைகளுக்கும் அவசரம், ஆகவே பழியை உம்மேல் மட்டும் போடமாட்டேன். ‘ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே’ என்று அதே நிருபத்தில் இருப்பது கைவைக்கிறவர்களுக்குச் சொன்னது. அந்த வெளியூர் ஊழியர் அடுத்த நாள் பஸ் ஏறியிருப்பார். உம்மை நெடுகப் பார்க்கிறவர் உம்முடைய சபைப் போதகர். அவரிடம் இதைக் கதைத்தீரா? நீர் எழுதியதில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

பவுல் மனந்திரும்பின கையோடு பிரசங்கிக்கத் தொடங்கினாரே? அவருக்கு ஒரு சட்டம், எங்களுக்கு வேறு சட்டமா?

நல்ல பிடி. அப்போஸ்தலர் 9இல் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்துப் பாரும். தமஸ்குவில் அவரைக் கூடையில் வைத்து மதிலால் இறக்கிவிட வேண்டியதாயிற்று. எருசலேமில் சீஷர்கள் அவரை நம்பாமல் பயந்தார்கள். பிறகு தர்சுவுக்கு அனுப்பிவிட்டார்கள். பர்னபா தேடிப்போய்க் கூட்டிவந்த பிறகுதான் அந்தியோகியாவில் இருவரும் ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்து உபதேசித்தார்கள். அவர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தை எடுத்தால் அரேபியாவும் வருகிறது. எருசலேமுக்குப் போகுமுன் மூன்று வருடம் கழிகிறது.

சாட்சி சொல்லக் காத்திருக்கத் தேவையில்லை. சமாரியப் பெண் குடத்தை வைத்துவிட்டு அப்போதே ஊருக்குள் போனாள். பிறருடைய ஆத்துமாவுக்குப் பொறுப்பெடுப்பது வேறு வேலை. ஒரு குடும்பச் சண்டையைக் கேட்டுவிட்டு அதை வெளியே விடாமல் வைத்திருக்கவேண்டும். காணிக்கைக்குக் கணக்குக் காட்டவேண்டும். செத்தவீட்டில் நிற்கத் தெரியவேண்டும்.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு செத்தவீடு. இறந்தவர் கிறிஸ்தவர், சொந்தக்காரரில் பாதிப்பேர் சைவர்கள். தகரப் பந்தலுக்குள் அவ்வளவு வெக்கை. மகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அண்மையில் சபை தொடங்கிய இளம் ஊழியர் ஒருவர் முக்கால் மணித்தியாலம் நரகத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். அவர் எடுத்த வசனங்களில் பிழையில்லை. முன்வரிசையில் இருந்த பெரியப்பா எழும்பி றோட்டுக்குப் போய்விட்டார். வயதான உபதேசியார் ஒருவர் அவருக்குப் பின்னால் போய், மதிலோரம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். பெட்டி எடுக்கும் நேரம் இரண்டுபேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். இதை எந்தக் குறுகியகாலக் கோர்ஸிலும் படிக்க ஏலாது.

சரி, எத்தனை வருடம் காத்திருக்கவேண்டும்?

கத்தோலிக்கரிடம் எண் இருக்கிறது. மெய்யியல் 2 வருடம், இறையியல் 4 வருடம், 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் பிள்ளைகள் பலர் பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இறையியல் கல்லூரிக்குப் போகிறார்கள். அங்கே சிங்களப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டுப் பழகுவதே தனிப் பாடம். சுயாதீன சபைகள் பலவற்றில் எண்ணே கிடையாது. ஆகவே அங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசேவ் வாஸ் அடிகளாரைப் பாருங்கள். 1676இல் குருவானார். இலங்கைக்கு வர ஆசைப்பட்டவரை 1681இல் இந்தியாவிலேயே கனராவுக்கு அனுப்பினார்கள். போய் அந்த வேலையைச் செய்தார். 1687இல்தான் ஒல்லாந்தருக்குத் தெரியாமல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலைச் சனம் இன்றைக்கும் அவரை மறக்கவில்லை.

பல வருடமாக ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன். தேவசெய்தி கொடுக்கக் கேட்டால், “பொறுமையாயிரு மகள்” என்கிறார் போதகர். எனக்குப் பின்னால் வந்த பெடியன்களுக்குச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. (பருத்தித்துறை)

தங்கச்சி, எல்லாத் தாமதத்தையும் கர்த்தர் தலையில் கட்ட ஏலாது. சிலது மூத்தவர்களின் பயம், சிலது வெறும் வழக்கம். போதகரிடம் நேரே கேளுங்கள்: “என்னில் என்ன குறை காண்கிறீர்கள்? எது சரியானால் தருவீர்கள்?” தெளிவான பதில் வந்தால் அதில் உழையுங்கள், அந்தக் காத்திருப்பில் பலன் இருக்கும். பதில் வராவிட்டால் மூப்பர் ஒருவரையும் வைத்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள். கோபித்துக்கொண்டு சபை மாறவேண்டாம். வாய்மூடி இருப்பதுதான் முதிர்ச்சி என்று யாராவது சொன்னால் அதை நம்பவும் வேண்டாம்.

கனடாவிலுள்ள மாமா, ஹோல் எடுத்துச் சபை தொடங்கக் காசு அனுப்புவதாகச் சொல்கிறார்.

வேண்டாம். அந்தக் காசுக்கு இங்கே யார் கணக்குப் பார்ப்பார்கள் என்று முடிவாகும்வரை அட்வான்ஸும் கட்டவேண்டாம்.

ஒரே மகன். ஏ.எல். முடிந்ததும் குருமடம் போகப் போகிறானாம். தாய் அழுதபடி இருக்கிறா. (குருநகர்)

ஐயா, குருமடத்துக்குப் போன உடனே அவன் குருவாகிவிடப் போவதில்லை. இருதரப்பும் பார்த்து முடிவெடுக்கத்தான் அத்தனை வருடம். ஒன்றுமட்டும் செய்யுங்கள். இடையில் திரும்பினால் வீட்டில் யாரும் குத்திக்காட்டமாட்டோம் என்று இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்திலேயே, திரும்பியிருக்க வேண்டிய சிலர் திரும்பாமல் இருந்துவிடுகிறார்கள்.

எனக்கு முதிர்ச்சி வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

உமக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். 1 தீமோத்தேயு 3இல் உள்ள பட்டியலில் திறமை என்று சொல்லக்கூடியது போதிக்கும் திறமை ஒன்றுதான். மிச்சமெல்லாம் காசு, குடி, சண்டை, வீட்டை நடத்துவது. புறம்பானவர்களின் நற்சாட்சியும் அதில் இருக்கிறது. எங்கள் ஊரில் அது பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பம், உமது கடன் கொப்பியை வைத்திருக்கும் கடைக்காரர். அவர்களிடம் போய்க் கேளும்.

ஊழியத்துக்குப் போய் ஏலாமல் இடையில் விட்டுவிட்டேன். இனி எனக்கு இடமிருக்கா?

பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போன மாற்கும் பெர்கேயில் விட்டுவிட்டுத் திரும்பினவன்தான். அவனைத் திரும்பக் கூட்டிப்போவதா என்ற சண்டையில் பவுலும் பர்னபாவுமே பிரிந்தார்கள். பிற்காலத்தில் அதே பவுல், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோசனமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இடையில் மாற்கைக் கைவிடாமல் சீப்புருவுக்குக் கூட்டிப்போனவர் பர்னபா. உமக்குத் தெரிந்த மூத்தவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த கிழமை அவர் வீடு சந்திக்கப் போகும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடப்போம். பிரசங்கத்துக்கு இப்போது கேட்கவேண்டாம்.